வளம் தந்தது வம்சமா?

"அதோ பார், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஈரானியரை! வெஸ்ட்வுட் வீதியிலே கடை, பெவர்லி ஹில்ஸிலே மாளிகை, மகன் டாக்டர், மகள் வழக்கறிஞர்! இதோ பார், நியூயார்க் நடைபாதையிலே கோழியும் சோறும் விற்கும் எகிப்தியனை! இருவரும் கிழக்கிலிருந்து சென்றவர்கள்தாம். இருவரும் பழம்பெரும் நாகரிகத்தின் பிள்ளைகள்தாம். இருந்தும் ஒருவன் மாடி கட்டினான். மற்றவன் வண்டி தள்ளுகிறான். ஏன்? இரத்தம் அப்படி, ஐயா, இரத்தம் அப்படி!"

இவ்விதம் பேசுவோர் நம்மிடையே உளர். படியாதவர் அல்லர், பட்டம் பெற்றவர்கள். அவர்களுள் சற்றே நாசூக்கானவர்கள், 'இரத்தம்' என்று கூற நாணி, 'பண்பாடு' என்பர். பக்திமான்கள், 'அவனவன் கொடுத்து வைத்தது' என்பர். இன்னும் சிலர், 'ஈரான் என்றாலே ஆரியர் நாடு என்றுதானே பொருள், அறியீரோ?' என்று கண் சிமிட்டுவர். சொற்கள் பல, சரக்கு ஒன்றே. பிறப்பு எதுவோ அதுவே பிழைப்பு என்னும் பழைய சரக்கு! நம் ஊரில் விலை போகாமல் தேங்கிய அந்தச் சரக்கு, இப்போது அமெரிக்கச் சீட்டு ஒட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

மெய்யை மெய்யென முதலில் ஒப்புக்கொள்வோம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாழ்வோருள் ஈரானில் பிறந்தவர்கள் ஏறத்தாழ 4 லட்சம் பேர். எகிப்தில் பிறந்தவர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர். இரு சாராரிலும் வயது வந்தோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பட்டதாரிகள். அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பட்டம் பெற்றோர் மூன்றில் ஒரு பங்கு அளவே. ஆகக் கல்வியில் எகிப்தியன் ஈரானியனுக்கு இளைத்தவன் அல்லன், அமெரிக்கனுக்கு மூத்தவன்! ஆனால் பணப்பையைத் திறந்து பார்த்தால் நிலை வேறு. ஈரானியக் குடும்பங்களின் வருமானம் நாட்டின் நடுநிலை வருமானத்திற்கு மேலே நிற்கிறது. எகிப்தியக் குடும்பங்கள் அவர்களுக்குக் கீழே நிற்கின்றன. வறுமைக் கோட்டின் கீழ் வாடுவோர் விகிதமும் எகிப்தியரிடையே கூடுதல்.

"அப்படி வாருங்கள் வழிக்கு!" என்று துள்ளுவார் நமது நண்பர். "படிப்பு சமம் என்று நீரே சொல்லிவிட்டீர். சென்ற நாடும் ஒன்றே. அப்படியானால் மிஞ்சுவது இரத்தம்தானே?"

மிஞ்சுவது இரத்தம் அன்று, நண்பரே. எந்த ஆண்டு புறப்பட்டான், எவன் புறப்பட்டான், எதைக் கையில் எடுத்துப் புறப்பட்டான், எந்த வாயில் வழியே நுழைந்தான் என்னும் நான்கு கேள்விகள் மிஞ்சுகின்றன. அந்த நான்கையும் கேளாமல் இரத்தத்தைச் சோதிக்கப் புறப்படுபவர், வயலுக்கு நீர் பாய்ந்ததா என்று பாராமல் விதையின் சாதகத்தைக் கணிக்கும் சோதிடரை ஒப்பர்.

வாயிலிலிருந்தே தொடங்குவோம். 1924-ஆம் ஆண்டில் அமெரிக்கா ஒரு குடியேற்றச் சட்டம் செய்தது. எந்த நாட்டினர் எத்தனை பேர் வரலாம் என்று கணக்கிட்டது. பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் பல்லாயிரம். எகிப்துக்கு ஆண்டுக்கு 100 பேர். பாரசீகத்துக்கும் ஆண்டுக்கு 100 பேர். அன்று அந்தச் சட்டத்தின் பார்வையில் நைல் நதியின் இரத்தமும் பாரசீகத்தின் இரத்தமும் ஒரே விலைதான் — இரண்டும் வேண்டாத சரக்கு. 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள், சுதந்திர தேவி சிலையின் அடியில் அமர்ந்து குடியரசுத் தலைவர் ஜான்சன் கையெழுத்திட்ட புதிய சட்டம் அந்தப் பங்கீட்டை ஒழித்தது. ஒழித்துவிட்டு என் செய்தது? கற்றவன், தொழில் தேர்ந்தவன், ஏற்கனவே வந்தவனின் உறவினன், இவர்களை உள்ளே விட்டது. உழுபவனை விடவில்லை, நெய்பவனை விடவில்லை. சல்லடையால் சலித்து எடுத்த பின், மேலே நின்ற மணிகளைக் காட்டி, 'இந்த வயலில் பதரே விளையாதாம்!' என்று வியப்பது அறிவுடைமையா?

இனி ஈரானியர் கதை.

1973-இலும் 74-இலும் எண்ணெய் விலை நான்கு மடங்காக ஏறிற்று. ஷாவின் கருவூலம் நிரம்பி வழிந்தது. வழிந்த செல்வம் கிராமத்து உழவன் குடிசைக்கு எவ்வளவு சென்றது என்பது தனிக் கதை. டெஹ்ரான் நகரத்து நடுத்தர மக்களின் மைந்தர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றனர். 1979-80 கல்வியாண்டில் அங்கே படித்த ஈரானிய மாணவர்கள் 51,000-க்கும் மேல். அயல்நாட்டு மாணவர் கூட்டங்களிலே அதுவே அன்று முதலிடம். ஆங்கிலம் கற்றாயிற்று, அமெரிக்கப் பட்டம் பெற்றாயிற்று, ஊரும் தெருவும் அறிந்தாயிற்று. அந்நிலையிலே 1979 சனவரியில் ஷா ஓடினார். பிப்ரவரி முதல் நாள் கொமேனி வந்திறங்கினார். 1980-இல் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் ஈராக்குடன் போர் மூண்டது. எட்டு ஆண்டுகள் நீடித்தது. படிக்கச் சென்றவன் திரும்பவில்லை. ஏணியை முன்னதாகவே சாய்த்து வைத்திருந்தவனுக்கு, வெள்ளம் வந்தபோது ஏற வழி இருந்தது.

அவனோடு சேர்ந்தவர்கள் யார்? ஆலை அதிபர்கள், அரண்மனைக்கு வேண்டியவர்கள், வங்கிக்காரர்கள், பட்டாளத்து உயர் அதிகாரிகள், மருத்துவர்கள். மதவெறி ஆட்சி எங்கே தம்மை விழுங்குமோ என்று அஞ்சிய யூதர்கள், பஹாயிகள், ஆர்மீனியர்கள். கடைசியாகச் சொன்னவர்களின் அச்சம் பொய்யன்று. மதத்தின் பேரால் ஆட்சி நடந்தால் முதலில் வதைபடுபவர் சிறுபான்மையினர் என்பதற்கு ஈரான் இன்றளவும் சாட்சி. ஆனால் நாம் பேசுவது பணம் பற்றி. புரட்சி வெடிக்குமுன் ஒரு டாலர் வாங்க 70 ரியால் போதும். காற்று திசை மாறுவதை முகர்ந்தறிந்த சீமான், 1978-ஆம் ஆண்டிலேயே வீட்டை விற்று, விற்ற பணத்தை அந்த விலைக்கு டாலராக்கினான். 2025-இல் வெளிச்சந்தையில் ஒரு டாலருக்கு 10 லட்சம் ரியாலுக்கும் மேல்! அதே டெஹ்ரானில், அதே தெருவில், அதே அளவு வீட்டை விற்று 1978-இல் புறப்பட்டவன் கலிபோர்னியாவில் வீடு வாங்கினான். நாற்பத்தைந்து ஆண்டு கழித்து ரியாலைச் சேமித்து வைத்துப் புறப்படும் பள்ளி ஆசிரியன், விமானச் சீட்டு வாங்கவே திணறுகிறான். இருவருக்கும் இடையே மாறியது இரத்தமா, ரியாலா?

இவ்வளவும் கைவரப் பெற்றவர்கள்கூட வாழ்த்தொலி கேட்டு நுழையவில்லை என்பதையும் கூறத்தான் வேண்டும். 1979 நவம்பரில் டெஹ்ரான் தூதரகத்தில் அமெரிக்கர் சிறைபிடிக்கப்பட்டவுடன், ஈரானிய மாணவர் அனைவரும் குடியேற்ற அலுவலகத்தில் வந்து நிற்க வேண்டும் என்று அரசு ஆணை பிறந்தது. வீதியில் வசை; வேலை கேட்கச் சென்றால் முகச்சுளிப்பு. பலர் தம்மை ஈரானியர் என்று கூறிக்கொள்ளவே அஞ்சி, 'பாரசீகர்' என்றனர். வேலை கொடுக்க மறுத்த இடத்தில் தாமே தொழில் தொடங்கினர். நமது நண்பர் அதை 'வணிக இரத்தம்' என்பார். தொழில் தொடங்க முதல் இருந்தது, நண்பரே! முதல் இல்லாதவனுக்கு முகச்சுளிப்பு மட்டுமே கிடைத்தது.

ஆரியப் பெருமையைப் பற்றி ஒரு சொல். ரேஸா ஷா 1935-இல், 'எம் நாட்டைப் பாரசீகம் என்னாதீர், ஈரான் என்று அழையுங்கள்' என்று அயல்நாட்டாருக்கு ஓலை விடுத்தார். அவர் மகன் 1965-இல் 'ஆரியமெஹர்' — ஆரியரின் ஒளி — என்று பட்டம் சூட்டிக்கொண்டார். 1971-இல் பெர்செபொலிஸ் இடிபாடுகளின் நடுவே பட்டுக் கூடாரம் அடித்து, பாரிஸ் நகரத்து மாக்சிம் உணவகத்திலிருந்து விருந்து வரவழைத்து, 2,500 ஆண்டு மன்னராட்சிக்கு விழா எடுத்தார். எட்டாண்டுகூட ஆகவில்லை, ஒளி அணைந்தது. ஆரியரின் ஒளி அடைக்கலம் கேட்டு மொராக்கோ, பஹாமாஸ், மெக்சிகோ, பனாமா என்று நாடு நாடாக அலைந்து, கடைசியில் கண்மூடியது எங்கே தெரியுமோ? கெய்ரோவில்! இடம் கொடுத்தது எகிப்து. இரத்த வணிகர்கள் இதை ஏனோ எடுத்துரைப்பதில்லை.

இரத்தம்தான் காரணம் என்றால், அது எங்கு சென்றாலும் அதே வேலையைச் செய்யவேண்டுமல்லவா? செய்ததா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், பாக்கு நகரத்து எண்ணெய்க் கிணறுகளில் அழுக்கும் பிசுக்குமாய் உழன்ற கூலிகளைப் பாருங்கள். ஆண்டுதோறும் அரஸ் நதியைக் கடந்து பல்லாயிரக்கணக்கில் சென்ற ஈரானிய ஏழை உழவர்கள் அவர்கள். குறைந்த கூலி, கடினமான வேலை, கேட்பாரற்ற வாழ்வு. பம்பாய்க்கு வாருங்கள். யஸ்து, கெர்மான் ஊர்களிலிருந்து வறுமை தாளாமல் வந்த இரானிகள் தெருமுனைகளில் தேநீர்க் கடை வைத்துப் பிழைத்தனர். (தெருமுனைக் கடை ஆகாது என்று நம் வைதிக வணிகர்கள் ஒதுக்கிய இடங்களே அவர்களுக்கு மலிவாகக் கிடைத்தன என்று ஒரு கதை உண்டு. மெய்யாயின், மூடநம்பிக்கையும் எங்கேனும் ஒருவனுக்குச் சோறு போட்டிருக்கிறது!) ஸ்வீடனுக்குச் செல்லுங்கள். 1980-களில் அங்கே அகதிகளாய்ச் சென்ற ஈரானியர்கள் படித்தவர்கள். ஸ்வீடிஷ் மொழியும் கற்றனர். ஆயினும் 1990-களில் அவர்களிடையே வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. பட்டம் பெற்றவன் டாக்சி ஓட்டினான். பிட்சாக் கடை வைத்தான். லாஸ் ஏஞ்சல்ஸில் 'மேதாவி' என்று புகழப்பட்ட அதே இரத்தம் ஸ்டாக்ஹோமில் ஏன் மாவு பிசைந்தது? ஆங்கிலக் கால்வாயில் 2018 முதல் சிறு ரப்பர் படகேறி உயிரைப் பணயம் வைத்தவர்களில், தொடக்க ஆண்டுகளில் ஈரானியரே மிகுதி. ஆஸ்திரேலிய அரசு மானஸ் தீவில் அடைத்து வைத்த அகதிகளிலும் அவர்கள் பலர். பெஹ்ரூஸ் பூச்சானி என்னும் ஈரானியக் குர்து எழுத்தாளர், அந்த அடைப்பிலிருந்தே கைப்பேசியில் துண்டு துண்டாகச் செய்தி அனுப்பி ஒரு நூல் எழுதினார். 2019-இல் அது ஆஸ்திரேலியாவின் உயர்ந்த இலக்கியப் பரிசொன்றைப் பெற்றது. பரிசு நாட்டுக்குள் வழங்கப்பட்டது. பரிசு பெற்றவரை நாட்டுக்குள் விடவில்லை.

எகிப்தியர் கதைக்கு வருவோம். இங்கேதான் நம்மவர் பலருக்கும் பார்வை பழுதுபடுகிறது.

1952 சூலை 23-இல் இளம் பட்டாள அதிகாரிகள் எகிப்தின் மன்னராட்சியை வீழ்த்தினர். அதே செப்டம்பரில் நிலச் சீர்திருத்தம். 1961-இல் பெருந்தொழில்கள் நாட்டுடைமை. 1962-இல் உயர்கல்வி இலவசம். 1964 முதல் பட்டதாரிக்கு அரசாங்க வேலை உறுதி. நாசரின் ஆட்சியில் குறைகள் இருந்தன. சிறைச்சாலைகள் நிரம்பியிருந்தன, அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் பெல்லாஹின் எனப்படும் நைல் ஆற்று உழவரின் மகன் டாக்டராகவும் என்ஜினீயராகவும் ஆனது அந்த ஆட்சியில்தான். ஆனால் நாட்டை விட்டுச் செல்வதற்கு அரசாங்க அனுமதி வேண்டும், எளிதில் கிடைக்காது. செல்வந்தரின் சொத்தோ அரசாங்கப் பிடியில். செல்பவன் எடுத்துச் செல்லக்கூடிய பணமோ சொற்பம். 1971-இல் வந்த அரசியல் சட்டமே குடிபெயர்வதைக் குடிமகனின் உரிமை என்று ஒப்பியது. ஆக, 1960-களில் அமெரிக்கா சென்ற எகிப்தியன் — பெரும்பாலும் கோப்டிக் கிறித்தவன், மருத்துவனோ பொறியாளனோ — தலைக்குள் படிப்பை எடுத்துச் சென்றான். பெட்டிக்குள் பணத்தை அன்று. ஈரானியச் சீமானுக்கும் இவனுக்கும் புறப்படும்போதே இருந்த வேறுபாடு இது.

அப்படிச் சென்றவர்களும் தாழ்ந்துவிடவில்லை. புறநகரில் வீடு கட்டினர், மருத்துவமனைகளில் பணியாற்றினர், 1970 அளவிலேயே ஜெர்சி நகரத்தில் கோப்டிக் மாதாகோயில் எழுப்பினர். அந்தத் தலைமுறை எகிப்தியனை ஈரானியனோடு நிறுத்திப் பாருங்கள். நமது நண்பரின் வாதம் அங்கேயே வாய் மூடும். ஆனால் அவர் அந்த எகிப்தியனைக் காட்டுவதில்லை. வண்டிக்காரனைத்தான் காட்டுகிறார். வண்டிக்காரன் எப்போது வந்தான்?

1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 1995 முதல் ஒரு புதிய வாயிலைத் திறந்தது. குலுக்கல் முறையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 50,000 விசா. உயர்நிலைப் பள்ளிப் படிப்போ, பயிற்சி வேண்டும் தொழிலொன்றில் இரண்டாண்டு அனுபவமோ இருந்தால் போதும். உறவினன் வேண்டாம், முதலாளியின் கடிதம் வேண்டாம். எகிப்தியர் அந்தக் குலுக்கலில் ஆண்டுதோறும் முன்வரிசையில் நின்றனர். ஈரானியருக்கும் சீட்டு விழுந்ததுண்டு. ஆனால் அவர்கள் போய் இறங்கிய இடத்தில், முன்னரே வேரூன்றிய மாமனோ சித்தப்பனோ கடை வைத்திருந்தான். எகிப்தியனுக்கு அஸ்டோரியாவில் ஸ்டெயின்வே வீதியில் நாலு பேர் பகிர்ந்துகொள்ளும் அறையில் ஒரு மூலை கிடைத்தது.

பட்டம் இருந்ததே என்பீர். எந்தப் பட்டம்? கெய்ரோவில் சட்டமும் வணிகவியலும் பெரும்பாலும் அரபு மொழியில் கற்பிக்கப்படுபவை. எகிப்தின் சட்டத்தைக் கரைத்துக் குடித்த வழக்கறிஞன், நியூயார்க் நீதிமன்றத்தின் படியைக்கூட மிதிக்க இயலாது. மருத்துவம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டதே எனில், மருத்துவன் அங்கே மீண்டும் தேர்வெழுதி, குறைந்தது மூன்றாண்டு மருத்துவமனைப் பயிற்சிக்கு இடம் தேடி அலைந்தாக வேண்டும். அந்த ஆண்டுகளில் வாடகை யார் கொடுப்பது? ஆகவே டாக்சி, சமையற்கட்டு, நடைபாதை வண்டி. கணக்கெடுக்க வருபவன் ஏட்டில் 'பட்டதாரி' என்று எழுதிக்கொண்டு போகிறான். 'படிப்பு சமம்' என்னும் கணக்கின் உள்ளே இருக்கும் ஓட்டை இதுதான். தாளில் ஒரே பட்டம். சந்தையில் ஒன்றுக்கு விலை உண்டு, மற்றதற்கு இல்லை.

நடைபாதை வண்டியைச் சற்று நின்று பார்ப்போம். அது பார்க்கத் தகுந்தது. 1990-இல் எகிப்தியர் மூவர், 53-ஆம் தெருவும் ஆறாம் அவென்யூவும் சந்திக்கும் முனையில் வண்டி போட்டனர். முதலில் வறுத்த இறைச்சி ரொட்டி. பின்னர், இரவில் டாக்சி ஓட்டும் முஸ்லிம் ஓட்டுநர்களுக்கு ஹலால் உணவு இல்லையென்று கண்டு, கோழியும் சோறும். 'ஹலால் கைஸ்' என்னும் பெயரில் அது இன்று பல ஊர்களில் உணவகமாகப் பரவியிருக்கிறது. "பார்த்தீரா, உழைத்தவன் உயர்ந்தான்!" என்பார் நண்பர். மகிழ்ச்சி. ஏனைய வண்டிக்காரர்கள் உழைக்கவில்லையா? அதிகாலையில் பண்டம் ஏற்றி, பனியிலும் வெயிலிலும் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவன் உழைக்கவில்லையா? நியூயார்க் நகர ஆட்சி 1983-இல் உணவு வண்டிகளுக்கான உரிமங்களை ஏறத்தாழ 3,000 என்று கட்டிப் போட்டது. உரிமக் கட்டணம் இரண்டாண்டுக்கு 200 டாலர். ஆனால் புதிய உரிமம் கிடையாது. பழைய உரிமம் வைத்திருப்பவன் வண்டியைத் தொடாமல், வீட்டில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, அதை 20,000 டாலருக்கும் மேலே கள்ள வாடகைக்கு விட்டான். ஜமீன்தாரி முறையல்லாமல் வேறென்ன இது? நிலத்துக்குப் பதில் நடைபாதை; பட்டாவுக்குப் பதில் உரிமச் சீட்டு! 2021-இல் புதிய உரிமங்கள் தர நகரமன்றம் சட்டம் செய்தது. அவை வழங்கப்பட்டதோ ஆமை வேகத்தில். வண்டிக்காரன் கையில் மிஞ்சாததற்குக் காரணம் அவன் இரத்தத்தில் இல்லை. அந்த வாடகைச் சீட்டில் இருக்கிறது.

மிஞ்சியதும் அங்கே தங்குவதில்லை. எகிப்தியன் சம்பாதித்த பணம் எகிப்துக்குப் போகிறது. தங்கை திருமணம், தம்பி படிப்பு, ஊரில் செங்கல் வீடு. அமெரிக்கா சென்றவன் மட்டுமல்லன். வளைகுடா நாடுகளில் கஃபாலா என்னும் முறையின்கீழ் முதலாளியின் பிடியில், குடியுரிமைக்கு வழியே இன்றி உழைக்கும் பல லட்சம் எகிப்தியரும், 1980-களில் ஈராக்கில் உழைத்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரும் — குவைத்துப் போர் வந்ததும் மூட்டை முடிச்சுடன் விரட்டப்பட்டவர்கள் — எல்லோரும் அனுப்பினர். அண்மை ஆண்டுகளில் அவ்வாறு வந்த தொகை ஆண்டுக்கு 3,000 கோடி டாலரைத் தாண்டியும் இருக்கிறது. சூயஸ் கால்வாய் தன் உச்ச ஆண்டில் ஈட்டியதோ ஏறத்தாழ 1,000 கோடி டாலர்தான். உலகக் கப்பல்கள் கடக்கும் கால்வாயைவிட, ஊர்விட்டு ஊர் சென்ற உழைப்பாளியின் தோள் அந்நாட்டைத் தாங்குகிறது! ஈரானியருக்கோ பண ஓட்டம் பெரிதும் எதிர்த்திசையில். புரட்சிக்கு முன்னும் பின்னும் டெஹ்ரானின் செல்வம் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளை நோக்கி ஓடியது. பின்னாளில் ஊருக்கு அனுப்ப விரும்பியவனுக்கும் அமெரிக்கத் தடைகள் வங்கிக் கதவை அடைத்தன. ஒருவன் தந்தையின் பணத்தில் கடை வைத்தான். மற்றவன் கடையில் நின்று தந்தைக்குப் பணம் அனுப்பினான். இருபதாண்டு கழித்து இருவர் சேமிப்பையும் ஒப்பிட்டு, 'எகிப்தியனுக்குச் சேமிக்கத் தெரியவில்லை' என்பது எவ்வளவு கொடுமை!

எகிப்திய வறியவனை அமெரிக்காவில் மட்டுமே தேடுவதும் தவறு. மிலான் நகரத்துப் பிட்சா அடுப்புகளின் முன்னும், கட்டட வேலைகளிலும் அவன் நிற்கிறான். 2016 நவம்பர் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 9 பவுண்டுக்கும் குறைவாய் இருந்த எகிப்திய நாணயம், 2024 மார்ச்சுக்குப் பின் 50 பவுண்டை நெருங்கிச் சரிந்தது. சரிந்த நாணயத்தில் வாழ வழியறியாத கிராமத்து இளைஞர்கள் லிபியா சென்று படகேறினர். 2023 சூன் 14-ஆம் நாள், சுமார் 750 பேரைச் சுமந்த மீன்பிடிக் கப்பல் ஒன்று கிரேக்க நாட்டின் பைலோஸ் அருகே கவிழ்ந்தது. உயிர் தப்பியோர் 104 பேர். மாண்டவர்களில் எகிப்தியரும் பலர். பிழைத்தவர்களில் ஒன்பது எகிப்தியரைப் பிடித்து, 'நீங்களே கடத்தல்காரர்கள்' என்று வழக்குத் தொடுத்தது கிரேக்க அரசு. ஏறத்தாழ ஓராண்டு சிறையில் கிடந்த பின்னர், 2024 மே மாதம், கடலின் அந்தப் பகுதி தன் அதிகாரத்துக்குட்பட்டதன்று என்று கூறி நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 1960-களில் விமானத்தில் சென்ற கெய்ரோ டாக்டரும், இந்தக் கப்பலில் சென்ற நைல் ஆற்றங்கரை இளைஞனும் ஒரே நாட்டினர். நண்பரின் இரத்தக் கணக்கில் இவர்களை எந்தப் பத்தியில் எழுதுவது?

'மதம்' என்று வேறொருவர் முணுமுணுக்கிறார். கோப்டிக் கிறித்தவன் முன்னேறினான், முஸ்லிம் பின்தங்கினான் என்பது அவர் கண்டுபிடிப்பு. 1969-இல் வந்த கோப்டிக் டாக்டர் புறநகர் மாளிகையில் இருக்கிறார். குலுக்கலில் வந்த கோப்டிக் இளைஞன் ஜெர்சி நகரத்துக் கடையில் இரவு வேலை பார்க்கிறான். ஞாயிறு தோறும் இருவரும் வணங்குவது ஒரே சிலுவையைத்தான். இதற்கு மேல் அந்த வாதத்திற்கு நாம் மை செலவிடுவதாக இல்லை.

இன்னொன்று கேட்போம். அலெக்சாண்டிரியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1969-இல் அமெரிக்கா சென்று, 1999-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார் அஹ்மத் ஸெவெய்ல். டெஹ்ரானின் ஷரீப் பல்கலைக்கழகத்தில் பயின்று, அமெரிக்கா சென்று, 2014-இல் கணிதத்தின் பீல்ட்ஸ் பதக்கம் பெற்றார் மரியம் மிர்ஸாகானி. அதைப் பெற்ற முதற் பெண் அவர். இருவரையும் போற்றுகிறோம். ஆனால் இருவரையும் படிக்கவைத்தது யார்? அவர்கள் பயின்ற இரண்டும் அரசுப் பல்கலைக்கழகங்கள். பருத்தி பறித்த எகிப்தியப் பெண்ணின் வியர்வையும், அபதான் ஆலையில் வெந்த ஈரானியத் தொழிலாளியின் உழைப்பும் அந்தக் கட்டணத்தைக் கட்டின. மரத்தை நட்டவன் ஒருவன், நீர் ஊற்றியவன் ஒருவன். கனி விழுந்தது செல்வ நாட்டின் முற்றத்தில். முற்றத்துக்காரன் அந்தக் கனிக்கு ஒரு காசு கொடுத்ததில்லை. 2017 சனவரியிலும், மறுபடியும் 2025 சூனிலும், 'ஈரானியர் எவரும் வரலாகாது' என்று வேலியும் போட்டான்.

நமக்கு இந்தக் கதை புதிதா, தோழர்களே? நம் இனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிண்டி பொறியியல் கல்லூரியிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பயின்று, 1965-க்குப் பின் திறந்த வாயிலில் நுழைந்த தமிழன் கலிபோர்னியாவில் செல்வனானான். கங்காணியின் கையில் சிக்கி இலங்கைத் தேயிலைக் காட்டுக்குச் சென்ற தமிழன், 1948-இல் குடியுரிமை இழந்தான். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் என்று தலை எண்ணி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பத் தீர்மானிக்கப்பட்டான். முன்னவனைக் காட்டி, 'தகுதி, திறமை' என்று மார்தட்டும் மேல்சாதி அன்பர்கள், பின்னவனைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'தலைவிதி' என்கிறார்கள். முன்னவன் நுழைந்த கல்லூரியின் வாயிலில், பல தலைமுறையாக எவர் நின்று எவரைத் தடுத்தார் என்பதை அவர்கள் மறந்திருக்கலாம், நாம் மறக்கவில்லை.

முடிக்குமுன், அமெரிக்க ஏடுகளைப் பற்றி ஒரு செய்தி. அந்நாட்டுக் கணக்கெடுப்பில் இனம் எதுவென்று கேட்கும் கேள்வி உண்டு. ஈரானியனும் எகிப்தியனும் பல்லாண்டு காலம் அங்கே 'வெள்ளையர்' என்ற கட்டத்தில் சேர்க்கப்பட்டனர்! வழியில் நிறுத்திச் சோதிக்கும்போது வெள்ளையன் இல்லை. கணக்கில் மட்டும் வெள்ளையன். பிறந்த நாட்டைக் கேட்கும் மாதிரிக் கணக்கெடுப்பு ஒன்று தனியே நடப்பதால்தான் நாம் மேலே சொன்ன விவரங்களேனும் கிடைத்தன. பள்ளிக்கூட ஏட்டில், மருத்துவமனை ஏட்டில், சிறுதொழில் கடனுதவி ஏட்டில் அந்தக் கேள்வி இல்லை. பெவர்லி ஹில்ஸ் சீமானும் அஸ்டோரியா வண்டிக்காரனும் நியூயார்க் வங்கி முதலாளியும் ஒரே கட்டத்துக்குள். வண்டிக்காரன் வறுமை வங்கிக்காரன் செல்வத்தில் கரைந்து காணாமற்போயிற்று. சாதிவாரிக் கணக்கு வேண்டாம், எல்லோரும் இந்தியரே என்று இங்கே உருகுவோர் இருக்கிறார்களே, அவர்களுக்கு அந்தக் கட்டம் மிகவும் பிடித்திருக்கும்.

2024 மார்ச்சில் அமெரிக்க அரசு விதியை மாற்றியது. மத்திய கிழக்கினர், வட ஆப்பிரிக்கர் என்று தனிக் கட்டம். அதனுள் ஈரானியருக்கு ஒரு வரி, எகிப்தியருக்கு ஒரு வரி. அடுத்த பெருங்கணக்கெடுப்பு 2030-இல். இரத்தம் பேசும் நண்பர் அந்த ஏடு வெளிவந்ததும் எடுத்துக்கொண்டு வரட்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, வந்த ஆண்டையும் வந்த வாயிலையும் எழுதச் சொல்லிவிட்டு, அவரோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்க நாம் காத்திருக்கிறோம்.